வீட்டுக் காவலுக்குக் கைத்துப்பாக்கி: ஒரு வகுப்பு, இரண்டு பிஸ்டல், ஒரு சேஃப் பற்றிய என் மதிப்பீடு

டாலஸ் பக்கம் ஃபிரிஸ்கோ, பிளேனோ, இர்விங் என்று நம்மவர்கள் நிறைந்த ஊர்களில் தீபாவளி நெருங்கினாலே வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சுதான். இன்ன தெருவில் வீடு புகுந்துவிட்டார்கள், நகை போய்விட்டது, ஜாக்கிரதையாக இருங்கள். அதற்குக் கீழேயே யாராவது ஒருவர் "டெக்சாஸ்ல இருக்கோம், ஒரு கன் வாங்கி வைங்க" என்று எழுதுவார். எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு வந்தது. வீட்டுக்காரர் வேலை நிமித்தம் அடிக்கடி வெளியூர் போகிறவர், பல இரவுகளில் நானும் இரண்டு பிள்ளைகளும்தான் இருப்போம், ஆகவே வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியவள் நான்தான். கடைக்குப் போவதற்கு முன்னால் தொடக்கநிலை வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன், இரண்டு பிஸ்டல்களை வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்தேன், கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கிற சேஃப் ஒன்றை வரவழைத்து வீட்டில் வைத்துப் பார்த்தேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வகுப்பு அருமை, ஐந்துக்கு ஐந்து. பிஸ்டல்கள் இரண்டுமே நன்றாகச் செய்யப்பட்டவை. சேஃபுக்கு இரண்டரை. துப்பாக்கி நாங்கள் வாங்கவில்லை. திருட்டுப் பயம் பொய் என்று நினைத்ததால் அல்ல. எங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யார் யார் வந்து போகிறார்கள் என்று எண்ணிப் பார்த்ததால்தான்.

முதலில் சட்டம், ஏனென்றால் நம்மவர்களில் நிறையப் பேருக்கு இது தெரியவில்லை. எச்-1பி (வேலை), எச்-4 (அவர்களுடைய குடும்பம்), எஃப்-1 (படிப்பு) போன்ற விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்குவதோ கையில் வைத்திருப்பதோ அமெரிக்க மத்திய சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது மாதிரியான சில விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. இதில் இன்னொரு சிக்கல்: ஊரிலிருந்து சுற்றுலா விசாவில் வந்த தம்பியையோ மச்சானையோ "வாடா, சும்மா சுட்டுப் பார்க்கலாம்" என்று ரேஞ்சுக்கு, அதாவது துப்பாக்கி சுட்டுப் பழகுகிற இடத்துக்கு, கூட்டிப் போகிறோமே, அங்கே வாடகைத் துப்பாக்கியைக் கையில் வாங்குவதும் அதே தடைக்குள்தான் வருகிறது. கணவருக்கு கிரீன் கார்டு, மனைவிக்கு இன்னும் விசா என்ற நிலையில் இருக்கும் குடும்பங்கள் ஒரு வழக்கறிஞரிடம் கேட்காமல் வீட்டுக்குள் துப்பாக்கி கொண்டுவர வேண்டாம்.

கிரீன் கார்டு உள்ளவருக்கோ வழி மிகச் சுலபம். 21 வயது ஆகியிருந்தால் போதும், உரிமம் பெற்ற கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பி, கடைக்காரர் எஃப்பிஐயின் என்ஐசிஎஸ் என்ற சோதனை முறை வழியாகப் பின்னணியைச் சரிபார்த்து, தடை எதுவும் இல்லையென்றால் அன்றைக்கே பிஸ்டலோடு வெளியே வந்துவிடலாம். டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து, தகுதியுள்ளவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடமாடவும் சட்டம் இடம் கொடுக்கிறது. ஊரில் 1959 ஆயுதச் சட்டப்படி விண்ணப்பம் போட்டு, காவல்துறை விசாரணை முடிந்து, ஏன் வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் சொல்லி உரிமத்துக்குக் காத்திருக்கிறவர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, கவுன்ட்டரில் இருந்த பையன் "இன்னைக்கே எடுத்துட்டுப் போறீங்களா?" என்கிற மாதிரி கேட்டது உண்மையிலேயே தூக்கிவாரிப் போட்டது. பயிற்சி எடுத்தீர்களா என்று யாரும் கேட்க மாட்டார்கள். நாமாகப் போய்க் கேட்டால்தான் உண்டு.

அதனால்தான் அந்த வகுப்பை இவ்வளவு பாராட்டுகிறேன். அரை நாள் வகுப்பு, நூறு டாலரை ஒட்டிய கட்டணம், கண்ணாடியும் காது மூடியும் அவர்களே கொடுத்துவிடுகிறார்கள். சொல்லிக்கொடுத்தவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா. முதல் பாதி முழுக்க ஒரு தோட்டாகூட இல்லை. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரப்பியதாகவே நினை, அழிக்க விரும்பாத எதை நோக்கியும் குழாயைத் திருப்பாதே, குறி பார்த்து முடிக்கும்வரை விரலை டிரிகருக்கு வெளியே வை, எதைச் சுடுகிறாய், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள். இந்த நான்கு விதிகளைத்தான் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார். காலி பிஸ்டலை மேசையிலிருந்து எடுப்பது, மேகசினை (தோட்டாக்கள் அடுக்கிய பெட்டி) கழற்றுவது, ஸ்லைடை (பிஸ்டலின் நகரும் மேல்பகுதி) பின்னுக்கு இழுத்து உள்ளே கண்ணாலும் விரலாலும் பார்ப்பது, திரும்ப வைப்பது, இவ்வளவுதான், ஆனால் இதிலேயே பலருக்குக் கை நடுங்கியது. மேகசினைக் கழற்றினாலும் குழாய்க்குள் ஒரு தோட்டா இருக்கலாம் என்பதை அவர் எத்தனை முறை சொன்னார் என்று கணக்கில்லை. வீடுகளில் "காலி என்று நினைத்தேன்" என்று நடக்கிற விபத்துகளில் பல இந்த ஒரு தோட்டாவால்தான்.

சுட்டுப் பார்த்த இரண்டில் ஒன்று கிளாக் 19. கடைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைப்பது இதைத்தான், ஐந்நூறு அறுநூறு டாலர் ஆகும். 9 மில்லிமீட்டர், மேகசினில் 15 தோட்டா, நிரப்பிவிட்டால் முக்கால் கிலோவைத் தாண்டும். பார்க்கக் கரடுமுரடு, ஆனால் எளிமையான அமைப்பு, அதிகம் கோளாறு செய்யாது என்று பெயர் எடுத்தது. எனக்குப் பிடிக்காதது இரண்டு. ஸ்லைடின் ஸ்பிரிங் கடினம், வியர்த்த கையோடு இழுக்கத் திணறினேன். இன்னொன்று, பக்கவாட்டில் தள்ளி வைக்கிற சேஃப்டி பொத்தான் வழக்கமான மாடலில் கிடையாது, பாதுகாப்பு அமைப்பெல்லாம் டிரிகருக்குள்ளேயும் உள்ளேயும்தான் இருக்கிறது. விரல் முழுதாக டிரிகரில் அழுந்தினால் சுடும், அவ்வளவுதான். பயிற்சி பெற்றவர்களுக்கு அதுதான் வசதி. தூக்கத்திலிருந்து எழுந்து இருட்டில் தடவி எடுக்கப்போகிற எனக்கு அது வசதியாகப் படவில்லை.

மற்றொன்று ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் எம் அண்ட் பி 9 ஷீல்டு இஸீ. கை வலு குறைந்தவர்கள், மூட்டுவலிக்காரர்கள், வயதானவர்களை மனதில் வைத்துச் செய்தது. ஸ்லைடு வெண்ணெய் மாதிரி வருகிறது, மேகசினில் தோட்டா நிரப்ப விரல் நோகவில்லை. கைப்பிடியின் பின்புறம் ஒரு பட்டை இருக்கிறது, உள்ளங்கை அதை அழுத்தினால்தான் சுடும். எட்டுத் தோட்டாதான் பிடிக்கும், என் கணக்கில் அது குறையே இல்லை. உதைப்பும் தாங்கக்கூடியதுதான். பழையதாக வாங்குகிறவர்கள் ஒன்று கவனியுங்கள்: 2020 மார்ச் முதல் அக்டோபர் வரை தயாரான இந்த 9 மில்லிமீட்டர் மாடலில் ஹேமர் (தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கும் பாகம்) உடையக்கூடும் என்று நிறுவனமே திரும்ப அழைத்தது. வரிசை எண்ணைச் சரிபார்க்காமல் வாங்காதீர்கள். இரண்டில் ஒன்றை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் யோசிக்காமல் இதைத்தான் வாங்குவேன்.

பொருள் பற்றி இவ்வளவு போதும். அந்த வகுப்பில் என்னை உண்மையாகவே யோசிக்க வைத்தது வேறு. எங்கள் வீடுகள் எதால் கட்டியவை என்று ஆசிரியர் கேட்டார். மரச்சட்டம், இருபுறமும் ஜிப்சம் பலகை. 9 மில்லிமீட்டர் தோட்டா இப்படிப்பட்ட உள்சுவர்கள் பலவற்றைத் துளைத்துக்கொண்டு போகும். எங்கள் படுக்கையறைக் கதவிலிருந்து மாடிப்படியை நோக்கிக் கற்பனையில் ஒரு கோடு போட்டேன், அது மகளுடைய அறைச் சுவரில் போய் முட்டியது. இன்னொரு பக்கம் போட்டால் பக்கத்து வீடு. ஊரில் செங்கல் சுவர் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று உறைக்காது.

அடுத்து அவர் கேட்டது: இரவு மூன்று மணிக்கு உங்கள் வீட்டில் காலடிச் சத்தம் கேட்டால் அது யாராக இருக்கும்? எனக்குப் பதில் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. என் மாமனார். ஊரிலிருந்து வந்தால் முதல் இரண்டு வாரம் அவருக்கு ராத்திரியும் பகலும் மாறிப்போய்விடும், நடுநிசியில் எழுந்து சமையலறைக்கு வந்து சத்தம் வராமல் காபி போடப் பார்ப்பார், பின்கதவைத் திறந்து வெளியே போய் நிற்பார். அத்தை பாத்ரூம் என்று நினைத்து வேறு கதவைத் திறப்பார். மகன் பரீட்சை நேரத்தில் தூங்குவதே இரண்டு மணிக்கு. வீட்டுக்காரர் விமானம் தாமதமாகி விடியற்காலையில் கராஜ் வழியாக உள்ளே வருவார், தூக்கத்தைக் கெடுக்கக் கூடாதென்று லைட்கூடப் போட மாட்டார். எங்கள் வீட்டில் இருட்டில் நடக்கிற எல்லாருமே எங்கள் ஆட்கள். பயந்து விழித்த என்னிடம் அந்த நொடியில் பிஸ்டல் இருந்தால், அது யாரை நோக்கித் திரும்பும்?

வெளியாட்களும் அப்படித்தான். நம் குடியிருப்புகளில் ஒரே பெயருக்கு டிரைவ், லேன், கோர்ட் என்று மூன்று தெரு இருக்கும், வீடுகளும் அச்சில் வார்த்ததுபோல் இருக்கும், நவராத்திரிக்குக் கொலு பார்க்க வருகிறவர்கள் தப்பான வீட்டு மணியை அடிப்பது ஒவ்வொரு வருடமும் நடக்கிறது. 2023 ஏப்ரலில் கன்சாஸ் சிட்டியில் தம்பிகளைக் கூட்டிவரப் போன 16 வயதுப் பையன், ஸ்ட்ரீட் என்று முடிகிற தெருவையும் டெரஸ் என்று முடிகிற தெருவையும் குழப்பிக்கொண்டு தப்பான வீட்டு மணியை அடித்ததற்காகச் சுடப்பட்டான், நல்லவேளை பிழைத்தான். 1992 இல் லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் ஜப்பானிலிருந்து படிக்க வந்த யோஷிஹிரோ ஹட்டோரி, ஹாலோவீன் விருந்து வீடு என்று நினைத்து வேறு வீட்டு வாசலில் நின்றான், அவனுக்கும் 16 வயதுதான், அவன் பிழைக்கவில்லை. சுட்டவரைக் குற்றவியல் நீதிமன்றம் விடுவித்தது. டெக்சாஸ் சட்டமும் வீட்டுக்குள் பலவந்தமாக நுழைபவரை எதிர்க்கிற வீட்டுக்காரருக்கு நிறையவே பாதுகாப்பு கொடுக்கிறது. என் கேள்வி சட்டம் என்னைத் தண்டிக்குமா என்பதல்ல. ஒரு பிள்ளையைச் சுட்டுவிட்டு நான் எப்படி வாழ்வது?

சரி, சேஃபுக்கு வருகிறேன். துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும் சொல்கிற பதில் இதுதான்: பூட்டி வையுங்கள், கைரேகை வைத்தால் இரண்டு நொடியில் திறக்கும். நான் வாங்கிப் பார்த்தது நூற்றைம்பது டாலர் அளவில் விற்கிற, பலரும் வாங்குகிற ரகம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். காய்ந்த கையில் நன்றாகத் திறந்தது. பாத்திரம் கழுவிவிட்டு வந்த கையில் அடம்பிடித்தது, மருதாணி வைத்த விரலையும் பல தடவை ஏற்கவில்லை. அதைவிடக் கவலையான விஷயம் வேறு. இப்படிப்பட்ட சில கைரேகை சேஃப்களில், ரேகை பதிவு செய்யப்படாத நிலையில் யார் விரல் வைத்தாலும் திறந்துகொள்ளும். 2023 அக்டோபரில் ஃபோர்ட்ரஸ் என்ற நிறுவனத்தின் சுமார் 61,000 சேஃப்கள் இந்தக் காரணத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. 12 வயதுப் பையன் ஒருவன் இறந்ததைத் தொடர்ந்து வழக்கும் இருந்தது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் வேறு சில பிராண்டுகளும் அதே பட்டியலில் சேர்ந்தன. வாங்கியே தீர வேண்டும் என்பவர்களுக்கு என் யோசனை, மின்சாரமும் பேட்டரியும் வேண்டாத, பொத்தான்களை வரிசைப்படி அழுத்துகிற மெக்கானிக்கல் பூட்டு உள்ள சேஃப். விலை கூடுதல், ஆனால் அதுதான் பூட்டு. துப்பாக்கிக்குள் கம்பியை நுழைத்துப் பூட்டுகிற கேபிள் பூட்டு, பிராஜெக்ட் சைல்டுசேஃப் என்ற திட்டத்தில் பல ஊர்க் காவல் நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. டெக்சாஸில் 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கைக்கு எட்டும்படி, பூட்டாமல் தோட்டா நிரப்பிய துப்பாக்கியை விட்டுவைத்து அது அந்தப் பிள்ளை கையில் கிடைத்தால் பெற்றோர்மேல் வழக்கு வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இப்போது சொல்லப்போவதை நம்மவர்கள் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. 2022 இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் சுமார் 48,000 பேர். அதில் பாதிக்கும் மேல், சுமார் 27,000 பேர், தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். கலிஃபோர்னியாவில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து 2020 இல் வெளியான ஓர் ஆய்வு, சொந்தமாகக் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்வது மற்ற ஆண்களைவிட எட்டு மடங்கு, பெண்களில் 35 மடங்கு என்று கண்டது. மாத்திரையை விழுங்கியவர்களில் பெரும்பாலானோர் பிழைத்துக்கொள்கிறார்கள், துப்பாக்கி எடுத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதில்லை. நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். எஸ்ஏடி, ஏபி, காலேஜ் அட்மிஷன் என்று அழுத்தத்தில் இருக்கிற, மனதில் இருப்பதை நம்மிடம் சொல்லாத பதினாலு பதினைந்து வயதுப் பிள்ளைகள். வேலை போய் அறுபது நாளுக்குள் இன்னொரு வேலை கிடைக்காவிட்டால் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய பயத்தில் இருந்த நண்பர்கள். பிரசவத்துக்குப் பிறகு உதவிக்கு ஆளில்லாமல் தனியாக அழுத பெண்கள். இந்த மனநிலை பலருக்குச் சில மணி நேரத்தில், சில நாளில் கடந்துபோய்விடும், கடந்துபோகும்வரை அந்த வீட்டில் துப்பாக்கி இல்லாமல் இருப்பதே பெரிய உதவி. ஏற்கனவே வாங்கி வைத்திருப்பவர்கள், வீட்டில் யாராவது அப்படி இருந்தால், துப்பாக்கியை வீட்டைவிட்டே வெளியே கொண்டுபோய் வையுங்கள், பல துப்பாக்கிக் கடைகளும் ரேஞ்சுகளும் பத்திரமாக வைத்துக் கொடுக்கின்றன. தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களுக்கு உதவுகிற 988 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

எதிர்ப்பக்க வாதத்தையும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2011 முதல் 2014 வரை ஒரு கும்பல் ஜார்ஜியா, நியூயார்க், நியூஜெர்சி, மிச்சிகன், டெக்சாஸ் மாநிலங்களில் இந்திய, ஆசியக் குடும்பங்களாகப் பார்த்துக் குறிவைத்து, துப்பாக்கியோடு வீடு புகுந்து, பிள்ளைகள் கண்ணெதிரே கட்டிப்போட்டு நகையைக் கொள்ளையடித்தது. அதன் தலைவிக்கு 2019 இல் 37 ஆண்டுச் சிறை கிடைத்தது. இது நடந்த விஷயம், இதைப் படித்துவிட்டு ஒரு தகப்பன் துப்பாக்கி வாங்க நினைத்தால் அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் இப்படிப்பட்டவர்கள் வாசல் மணி அடித்து, கதவு திறந்த நொடியில் உள்ளே வந்துவிடுகிறார்கள். அப்போது என் பிஸ்டல் மாடியில் சேஃபுக்குள் இருக்கும். அதைக் கையெட்டும் தூரத்தில் வைத்தால் பிள்ளைகள் கைக்கும் எட்டும். இந்த முடிச்சை அவிழ்க்க என்னால் முடியவில்லை, அந்த ஆசிரியரும் அவிழ்த்துக் காட்டவில்லை, நேர்மையாக "உங்கள் வீட்டுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்" என்றார். பொதுவான வீட்டுத் திருட்டுகளிலோ, அமெரிக்க நீதித்துறையின் புள்ளிவிவரப்படி 2003 முதல் 2007 வரை நடந்தவற்றில் நான்கில் மூன்றுக்குச் சற்றுக் குறைவானவற்றில் வீட்டில் ஆளே இல்லை. ஆளில்லாத வீட்டில் துப்பாக்கி இருந்தால் திருடன் நகையோடு அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போவான்.

யாருக்கு ஒத்துவரும்? பிள்ளைகளோ, மனச்சோர்வில் இருப்பவர்களோ, குடித்தால் கோபப்படுபவர்களோ இல்லாத வீடு, போலீஸ் வர அரை மணி நேரம் ஆகிற உள்கிராமம், மாதம் ஒருமுறையாவது ரேஞ்சுக்குப் போய்ப் பழகுகிற மனிதர். இவர்கள் வாங்கினால் நான் தடுக்க மாட்டேன், வகுப்புக்குப் போய்விட்டு வாங்குங்கள் என்பேன். தன்னைத் துரத்திக்கொண்டிருக்கும் ஆள் ஒருவன் இருக்கிறான் என்கிற பெண்ணின் நிலைமை முற்றிலும் வேறு, அவருக்கு நான் அறிவுரை சொல்ல முடியாது.

துப்பாக்கி, சேஃப், தோட்டா, பயிற்சி எல்லாம் சேர்த்து ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும் என்று கணக்குப் போட்டிருந்தோம். அந்தப் பணத்தில் முதலில் கதவுகளைப் பார்த்தோம். அமெரிக்க வீட்டுக் கதவு ஒரு உதையில் திறந்துகொள்வது பூட்டு மட்டமாக இருப்பதால் அல்ல, நிலைச்சட்டத்தில் இருக்கும் பூட்டுத் தகட்டைக் குட்டி ஸ்க்ரூவில் பிடித்திருப்பதால்தான். கனமான தகடும் மூன்று அங்குல ஸ்க்ரூவும் போட்டோம், சில டாலர்தான் செலவு. நகையில் அன்றாடம் போடுவது தவிர மற்றதெல்லாம் பேங்க் லாக்கருக்குப் போய்விட்டது. வீட்டுக் காப்பீட்டில் நகைத் திருட்டுக்குப் பெரும்பாலும் 1,500 டாலர் போலத்தான் தருவார்கள் என்பதால், வீட்டில் இருப்பதற்குத் தனியாக ரைடர் (கூடுதல் காப்பீடு) எடுத்தோம். கண்காணிப்போடு கூடிய அலாரம், அசைவுக்கு எரியும் விளக்கு, படுக்கையறைக் கதவுக்கு நல்ல தாழ்ப்பாள். கராஜ் ரிமோட்டை வெளியே நிற்கும் காரில் விடுவதை நிறுத்தினோம். கேமராவும் வைத்திருக்கிறோம், ஆனால் அது திருடனைத் தடுக்கும் என்று நான் நம்பவில்லை.

வகுப்புக்குப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கழுத்து மூடிய சட்டை போட்டுக்கொண்டு போங்கள், தலைமுடியைக் கட்டிக்கொள்ளுங்கள், சுட்டதும் வெளியே தெறிக்கும் தோட்டா உறை கொதிக்கிற சூட்டில் இருக்கும், சட்டைக்குள் விழுந்தால் துள்ளிக் குதிப்போம், கையில் துப்பாக்கியோடு துள்ளக் கூடாது. காது மூடிக்கு உள்ளே நுரை அடைப்பானும் வைத்துக்கொள்ளுங்கள், உள்ளரங்கில் சத்தம் நெஞ்சுக்குள் இடிக்கும். ரேஞ்சில் ஈயத் துகள் இருக்கும், அதனால் சாப்பிடுவதற்கு முன் சோப்பு போட்டுக் கைகழுவி, வீட்டுக்கு வந்ததும் உடையை மாற்றிவிட்டுப் பிள்ளைகளைத் தொடுங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் போகவே வேண்டாம். பெண்களுக்கென்றே தனி வகுப்பு பல ரேஞ்சுகளில் இருக்கிறது, தொலைபேசியில் கேட்டால் சொல்வார்கள், வாங்கும் எண்ணமே இல்லாவிட்டாலும் ஒருமுறை போய் வாருங்கள். பிள்ளைகள் விளையாடப் போகிற நண்பர் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறார்களா என்று அவர்களின் பெற்றோரிடம் கூச்சமில்லாமல் கேட்கிற தைரியம் எனக்கு அந்த வகுப்புக்குப் பிறகுதான் வந்தது, இதுவரை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.